72 மணி நேரம் யாருடையது?

இலக்கியத்தைச் சமூக நடைமுறையின் ஒரு கூறாகக் கொள்ளும் நாம், சுகாதாரப் பிரசாரத்தின் மொழியையும் அதே நோக்கில் ஆராய வேண்டியுள்ளது. வர்க்க உறவு நாவலிற் போலவே துண்டுப்பிரசுரத்திலும் படிகின்றது.

மலையகத்தில் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் தொடர் வரலாற்றுச் சுமை கொண்டது. கங்காணியின் கட்டுப்பாட்டில் உழைத்து, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களிடம், 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கான ஊக்கப்பணத்துடன் அரசு வந்தது. நாட்கூலியை நம்பிய பெண்ணிடம் அப்பணம் எவ்வளவு சுயவிருப்பத்தை விட்டுவைத்தது? நிரந்தர முறை முன்னிறுத்தப்பட்டவிடத்து, தற்காலிக முறைகள் பற்றிய அறிவு பின்தள்ளப்பட்டது.

மால்தஸின் சனத்தொகைக் கோட்பாட்டை மார்க்சியம் நிராகரித்தது சரியே. வறுமைக்குக் காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கையன்று. ஆயின் மேலிருந்து சுமத்தப்படும் சனத்தொகைக் கட்டுப்பாடு வேறு. தன் உடல் பற்றிப் பெண் பெறும் அறிவு வேறு. முன்னதை எதிர்ப்பவர் பின்னதற்காகப் போராடக் கடமைப்பட்டவர்.

அவசரக் கருத்தடை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. 1.5 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரலை, பாதுகாப்பற்ற உறவின் பின் 72 மணி நேரத்துள், இயன்றளவு விரைவாக உட்கொள்ளல் வேண்டும். அது முட்டை வெளிப்படுதலைத் தாமதப்படுத்துகின்றது. ஏற்பட்டுவிட்ட கருவைக் கலைப்பதில்லை. பாலியல் நோய்களைத் தடுப்பதுமில்லை. வழமையான கருத்தடைக்கு மாற்றுமன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றி, கருக்கலைப்பைக் குற்றமாகவே கொள்கின்றது. எனவே உரிய நேரத்திற் கிட்டாத அறிவு, ஓர் இளம்பெண்ணை மறைவான, ஆபத்தான வழிக்குத் தள்ளக்கூடும்.

ஆனால் அந்த 72 மணி நேரம் எல்லோருக்கும் சமமானதா? ராகலையைச் சூழ்ந்த தோட்டமொன்றின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பகற்பொழுது மலைக்குச் சொந்தம். நிறை குறைந்தால் அரைப்பேர். கடைத்தெருவுக்குப் போனால் ஒரு நாட் சம்பளம் இல்லை. மருந்துக்கடையில் தெரிந்த முகங்கள். லயத்திலோ தனிமைக்கு இடமில்லை. மருத்துவத்தின் மணிக்கணக்கை உழைப்பின் மணிக்கணக்கு விழுங்கிவிடுகின்றது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தோட்டப் பெண்ணின் வாழ்வை நாவலுக்குரியதாக்கியது, என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அவளது உழைப்பைக் கலையாக்கியது. இவை பெரும் சாதனைகள். எனினும், எமது படைப்புக்களில் அவளது உடல் சுரண்டலின் சாட்சியாக வருமளவுக்கு, அவளே தீர்மானிக்கும் களமாக வருவது அரிது. விமர்சனமும் இதனைத் ‘தனிப்பட்ட விடயம்’ என ஒதுக்கியதுண்டு. தோட்டத்திலே தனிப்பட்டது எது? பிறப்பும் பிரசவமும் கூடத் தோட்ட நிர்வாகத்தின் பதிவேட்டிலே இடம்பெற்றவை அல்லவா?

ஆகவே சமூக சேவை அறிவுரை கூறுவதோடு அமைதல் போதாது. மாதர் சங்கத்திலும் இளைஞர் மன்றத்திலும், மணமான பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும், இவ்வறிவு தமிழிற் சேர வேண்டும். மருத்துவமாது இரகசியம் காக்க வேண்டும். மருந்து தோட்ட மருந்தகத்திலேயே இருக்க வேண்டும். அதனைப் பெறச் செல்பவளின் நாட்பேர் வெட்டப்படலாகாது. இக்கோரிக்கை சம்பளக் கோரிக்கையின் பின்னிணைப்பன்று. உழைப்பு நேரத்தின் மீதான உரிமைக்கும் உடலின் மீதான உரிமைக்கும் நடக்கும் போராட்டம் ஒன்றே.