துருத்தாளும் தைத்த நிரலும்: கலைநூல் மதிப்பீட்டிற்கு இரு வினாக்கள்

நூலின் வடிவத்தையே படைப்பாகக் கொண்டு கையால் செய்யப்பெறுவதை இக்கட்டுரை ‘கலைநூல்’ எனச் சுட்டுகிறது. காடி தெளித்த தாளில் இரும்பாணி, தகடு முதலியவற்றைப் பொதிந்து துருச்சாயம் ஏற்றி, அதன்மேல் கணினி நிரல்வரிகளை ஊசியால் தைப்பது இவ்வகையுள் ஒன்று. துருவை இயற்கைக்கும் நிரலைத் தொழில்நுட்பத்திற்கும் குறியீடாக்கி, பழமையும் புதுமையும் இணைந்ததாக இதனை விளக்குவது எளிது. அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இழையும் நிரலும் நெடுநாள் உறவுடையவை. பிரான்சின் லியோன் நகரில் ஜே. ஏ. ஹென்றியின் நெசவகம் 1886-87இல் பட்டில் உருவாக்கிய பிரார்த்தனை நூல் இதற்குச் சான்று. அதன் எழுத்துகள் அச்சிடப்படாமல் ஜக்கார்டு தறியில் நெய்யப்பட்டன. அட்டையில் துளை இருப்பின் பாவிழை மேலெழும்; இல்லையேல் தாழ்ந்தே நிற்கும். இந்நூலுக்கு இலட்சக்கணக்கான அட்டைகள் தேவைப்பட்டதாகக் கணக்கிடுவர். அட்டைகளின் கட்டளையே பக்கத்தை உருவாக்கிற்று. எனினும் பக்கத்தில் அக்கட்டளை தென்படுவதில்லை.

தைத்த நிரலில் இந்நிலை தலைகீழாகிறது. கட்டளை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இயங்குவதில்லை. கணினியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் நிரல் நின்றுவிடக்கூடும். தாளில் ஒரு தையல் விடுபட்டால் எதுவும் நிகழாது. ஆகவே, தைத்த வரி நூலின் அமைப்பில் எதையேனும் ஆள்கிறதா என்பது முதல் வினா. மீண்டும் மீண்டும் செய்யப் பணிக்கும் கட்டளையொன்று மடிப்புகளின் எண்ணிக்கையையோ பக்கங்களின் வரிசையையோ தீர்மானிக்குமாயின், அது நிரலாகவே நிற்கிறது. அவ்வாறில்லையேல் பூத்தையலுக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இரண்டாம் வினா தாளைப் பற்றியது. துருச்சாயம் உலர்ந்தபின்னும் தாளில் வினைபுரிகிறது. இரும்பு அயனிகள் செல்லுலோஸின் சிதைவை விரைவுபடுத்தும். இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்த மையால் எழுதப்பட்ட ஐரோப்பியச் சுவடிகள் பலவற்றில், எழுத்து நின்ற இடமே அரித்து உதிர்ந்திருக்கிறது. துருத்தாளில் ஊசித்துளைகளின் வரிசை மேலும் வலுவற்றது. அங்குத் தாள் முதலில் கிழியக்கூடிய இடம் நிரல்வரியே. இழப்பின்றிப் படியெடுக்கத்தக்க நிரல், படியெடுக்கவியலாது நைந்துவரும் தாளில் தங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பாதிக்குமிடத்தில்தான் இவ்வடிவம் பொருள் பெறுகிறது. எனவே, அமிலத்தை நீக்கித் தாளைக் காக்கும் நூலகம் படைப்பின் ஒரு கூற்றை நிறுத்திவிடவும் கூடும். நைவு படைப்பின் பகுதியா, தவிர்க்க வேண்டிய கேடா என்பதைப் படைப்பாளர் தெரிவித்தல் இன்றியமையாதது.

நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்து, நூல் என்னும் பெயருக்குக் காரணம் காட்டுகிறது. அங்கு நூல் என்பது செயலால் விளைவது. அவ்வழி நோக்கின், தைத்த நிரல் எதைச் சேர்த்துப் பிடிக்கிறது, எங்கே இற்றுப்போகிறது என்பவற்றைக் கொண்டே கலைநூலை மதிப்பிடுதல் தகும்.