இசைவாணர் கடிதங்களும் தொகுப்பாசிரியர் கடமையும்

கிளாரா சூமான், யோகானசு பிராம்சு என்னும் செருமானிய இசைவாணர் இருவரும் 1853 முதல் 1896 வரை தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பெர்த்தோல்டு லிட்சுமன் தொகுத்தார். அத்தொகுப்பு 1927-ஆம் ஆண்டில் இலைப்சிக் நகரில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பிராம்சைப் பற்றி எழுதப் புகுவார் எவரும் இந்நூலைத் தொடாது எழுதுதல் அரிது. ஆயினும், இதனைப் பயில்வார் முதற்கண் காண்பது ஒரு குறையே. தொடக்க ஆண்டுகளில் நாம் கேட்பது பெரும்பாலும் பிராம்சின் குரல். கிளாராவின் விடைகள் மிகச் சிலவே உள்ளன. ஒருவர் பேச மற்றவர் வாளா இருந்தார் என்பது போன்ற இத்தோற்றம் உண்மையன்று. பின்னாளில் நேர்ந்த அழிவொன்றன் விளைவு.

பிராம்சு தம் இருபதாம் வயதில், 1853-இல், டியூசல்டார்பு நகரில் சூமான் இல்லத்தை அடைந்தார். மறு ஆண்டிலேயே இராபர்ட்டு சூமான் மனநோய் மருத்துவமனை புகுந்தார். 1856-இல் அங்கேயே மறைந்தார். அவ்விடர்க்காலத்தில் அக்குடும்பத்திற்குத் துணையாய் நின்றவர் பிராம்சு. கிளாராவிடம் அவர் கொண்ட அன்பு எத்தகையது என்பது இன்றுவரை ஆராய்ச்சியாளரிடையே வாதத்திற்குரியதாகவே உள்ளது. 1887-இல் இருவரும் தத்தம்மிடம் இருந்த கடிதங்களை ஒருவர்க்கொருவர் திருப்பி அளித்தனர். பிராம்சு தம் கடிதங்களுட் பலவற்றை இரைன் ஆற்றில் எறிந்தார். கிளாராவும் தம்முடையவற்றை அழிக்கத் தொடங்கினார். மூத்த மகள் மரீ வேண்டித் தடுத்ததனால் எஞ்சியவை பிழைத்தன. லிட்சுமனிடம் பதிப்புப் பணியை ஒப்புவித்தவரும் அம்மகளாரே.

இவ்வழிவை நாம் குற்றமெனக் கூறலாமா? கூறலாகாது என்பதே நம் கருத்து. எழுதிய கை அழிக்கவும் உரிமையுடையது. கடிதம் பிறர் கைப்படின் யாது நேரும் என்பதனைப் பிராம்சு தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். வயலின் வல்லுநர் யோவாகிம் அவர்தம் இளமை நண்பர். 1856-இல் இருவரும் பல குரல்களை இணைத்தமைக்கும் இசைப்பயிற்சிகளை அஞ்சல் வழியே மாற்றித் திருத்திக்கொண்டனர். குறித்த நாளில் விடுக்கத் தவறியவர் ஒறுப்புப் பணம் செலுத்துதல் வேண்டும் என்றும், அப்பணங்கொண்டு மற்றவர் நூல் வாங்கலாம் என்றும் விதி செய்துகொண்டனர். (நம் மாணவர்க்கும் இவ்விதி ஏற்றதே.) 1878-இல் தம் வயலின் கான்சர்ட்டோவின் வயலின் பகுதியை யோவாகிமுக்கு விடுத்து, அதன் குறைகளைக் குறித்தனுப்புமாறு வேண்டினார் பிராம்சு. இத்தகு நட்பு ஒரு கடிதத்தால் முறிந்தது. யோவாகிம் தம் மனைவியார்மீது ஐயங்கொண்டபோது, 1880-இல், பிராம்சு அவ்வம்மையார்க்குத் துணைநின்று ஆறுதற் கடிதம் வரைந்தார். மணமுறிவு வழக்கில் அஃது அறமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டது. பிணக்கு ஓரளவு தணிந்தது 1887-இல், வயலினுக்கும் செல்லோவுக்கும் அவர் இயற்றிய இரட்டைக் கான்சர்ட்டோவால். கிளாராவுடன் கடிதங்களை மாற்றிக்கொண்டதும் அவ்வாண்டே. இவ்விரண்டனையும் காரண காரியமாகப் பிணைக்கச் சான்றில்லை. எனினும் ஒருங்கு வைத்து எண்ணற்பாலன.

எழுதியவர் அழித்தல் வேறு; பேணவந்தவர் அழித்தல் வேறு. மொசார்ட்டின் மனைவியார் கான்சுடான்சேயை இரண்டாவதாக மணந்த நிசென் என்பார், மொசார்ட்டு குடும்பத்துக் கடிதங்களைக் கொண்டு வரலாறு எழுதினார். அந்நூல் அவர் மறைந்தபின் 1828-இல் வெளிவந்தது. அக்கடிதங்களைக் காத்த நன்றி அவர்க்கு உரியது. ஆனால், சில பெயர்களையும் பகுதிகளையும் மூலத்திலேயே மையால் அடித்து மறைத்தவரும் அவரே. தம் நூலில் விட்டுவிடுதலோடு அமைந்திருக்கலாம். மூலத்தில் கை வைத்தது பொறுக்கத்தக்கதன்று.

இங்கும் ஒருதலைக் குரலே. 1781-இல் மொசார்ட்டு வியன்னாவில் தங்கிய பின்னர்த் தந்தையார்க்கு எழுதியவை பல கிடைக்கின்றன. தந்தையார் மகற்கு எழுதியவை ஏறத்தாழ முற்றும் மறைந்தன. இக்குறையைப் பாவர், டாய்ச்சு இருவரும் தொடங்கிய பெரும்பதிப்பு (1962–1975) கையாண்ட முறை போற்றற்குரியது. பிற குறிப்புக்களால் இருந்தமை தெரிந்து, ஏடு கிடையாத கடிதங்கட்கும் அவர்கள் எண் கொடுத்து இடம் ஒதுக்கினர். தமிழ்ப் பதிப்புத்துறை பயின்றார்க்கு இது புதிதன்று. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. எண்கள் மட்டும் நிற்கின்றன. அவ்வெண்கள் இலவாயின், இழப்பே இல்லை என்று பின்வந்தோர் மயங்குவர். லிட்சுமன் தொகுப்பில் நாம் வேண்டுவது இவ்வெண்களையே.

கையெழுத்து மூலத்தை நாடவேண்டுவதன் காரணம் பிறிதொன்றும் உண்டு. இசைவாணர் சொல்லால் மட்டும் எழுதுவாரல்லர். 1868 செப்டம்பர் 12-இல், கிளாராவின் பிறந்தநாட்கு முந்திய நாள், சுவிட்சர்லாந்திலிருந்து பிராம்சு விடுத்த வாழ்த்தில், மலையாயர் ஊதும் கொம்பின் இசையைச் சுரக்குறியாக எழுதி அதன்கீழ்ச் சொற்களை அமைத்திருந்தார். எட்டாண்டு கழித்து, 1876-இல் அரங்கேறிய முதற் சிம்பொனியின் இறுதிப்பகுதியில் அவ்விசையே கொம்பில் எழுகின்றது. சொற்களை மட்டும் பெயர்த்தெழுதும் தொகுப்பில் இவ்வாழ்த்து வெறும் வாழ்த்தாகவே நின்றுவிடும்.

விளிமுறையும் அத்தகையதே. செருமானிய மொழியில் நம் மொழியிற் போலவே ‘நீங்கள்’, ‘நீ’ என்னும் வேறுபாடு உண்டு. 1854-ஆம் ஆண்டின் இறுதியளவில் பிராம்சின் கடிதங்கள் முன்னதினின்று பின்னதற்கு மாறுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டற்கும் ஒரு சொல்லே வழங்குதலின், அவ்வழியே தமிழாக்குவோர்க்கு இம்மாற்றம் எளிதிற் புலனாகாது. பதினான்கு ஆண்டு மூத்த அம்மையாரை அவர் எந்நாள் தொட்டு ‘நீ’ என விளித்தார் என்பதனை மூலம் நோக்கியே அறிதல் வேண்டும்.