நண்பகலில் அரசவை உடை

உடையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். அணிபவர் யார் என்பது ஒன்று; எந்த வேளைக்கு அணிகிறார் என்பது மற்றொன்று. நம் திருமண மண்டபங்களில் முதற் கேள்விக்கான விடை பளபளவென்று கண்ணில் படுகிறது. இரண்டாம் கேள்வியை எவரும் கேட்பதாகவே தெரியவில்லை.

நிக்காஹ் முற்பகல் பதினொரு மணிக்கு, மாதமோ சித்திரை. மணமகன் கழுத்துவரை பொத்தானிட்ட வெல்வெட் ஷேர்வானியில், சரிகைத் தலைப்பாகையோடும் முத்துமாலையோடும் அமர்ந்திருக்கிறார். ஈஜாப், கபூல் முடிவதற்குள் அவருடைய கைக்குட்டை நனைந்து போகிறது. உள்ளே பெண்கள் பகுதியில் மணமகள், தரையைத் தொடும் 'அனார்கலி' அங்கியின் கல்லையும் கண்ணாடியையும் சுமந்துகொண்டு, எழுந்து நிற்கவும் இருவர் துணையை நாடுகிறாள். "இது மொகலாய பாணி; நம் பாரம்பரிய உடை" என்கிறார் கடைக்காரர். நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். மொகலாயம், பாரம்பரியம் என்னும் இவ்விரு சொற்களையும் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஷேர்வானி. பாபரோ அக்பரோ ஷாஜஹானோ இதை அணிந்தவர்கள் அல்லர். மொகலாய ஆட்சி தேய்ந்து மறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய அங்கர்க்காவும் ஆங்கிலேயரின் நீண்ட கோட்டும் கலந்து பிறந்த உடை அது. லக்னோவும் ஹைதராபாத்தும் அதை வளர்த்தன. பின்னர் அலிகாரில் ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் தோற்றுவித்த கல்விச்சாலையின் வழிவந்த பல்கலைக்கழகத்தில், கறுப்பு ஷேர்வானி மாணவரின் முறை உடையாயிற்று. ஆகவே, ஷேர்வானிக்கு அரியணையைவிட வகுப்பறையோடும் அலுவலகத்தோடும் பொதுமேடையோடுமே உறவு அதிகம். டாக்டர் ஜாகிர் ஹுசைன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அணிந்ததும், நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அணிந்ததும் இதே உடைதான். அவற்றில் சரிகை ஏது? கல் ஏது? பகல் வேளைக்கு உரிய அடக்கமான உடையாகவே ஷேர்வானி புகழ் பெற்றது. அந்தப் புகழுக்குமேல் நாம்தான் ஜிகினாவை ஒட்டியிருக்கிறோம்.

அப்படியானால் அந்தப் பாதுஷாக்கள் பகலில் எதை அணிந்தார்கள்? அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி'யில் அரண்மனை உடைச்சாலைக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார். அக்பர் உடைகளின் வெட்டு முறையைத் திருத்தியதும், அவற்றிற்குப் புதுப் பெயர்கள் சூட்டியதும் அதில் வருகின்றன. ஜஹாங்கீரோ, குறிப்பிட்ட சில உடைகளைத் தாம் வழங்கினாலன்றிப் பிறர் அணியலாகாது என்று ஆணையிட்டதைத் தம் வரலாற்றில் தாமே எழுதிவைத்தார். உடையில் இத்துணைக் கருத்துடைய அவர்களுடைய கால ஓவியங்களை உற்று நோக்குங்கள். கோடைக்கால உடையாக அவற்றில் காண்பது மெல்லிய வெண்மஸ்லின் ஜாமா. உள்ளே அணிந்த கால்சட்டையின் நிறம் அதனூடே தெரியும். வேலைப்பாடெல்லாம் இடைக்கச்சையிலும் தலைப்பாகையின் ஒற்றை அணியிலும் அடங்கிவிடும். அந்த மஸ்லின் வகைகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: 'ஆபே ரவான்' என்றால் ஓடும் நீர், 'ஷப்னம்' என்றால் பனித்துளி. வெயில் நாட்டில் ஆண்டவர்கள் துணிக்கு நீரின் பெயரையும் பனியின் பெயரையும் சூட்டினார்கள். கனத்த கம்பளியும் பஞ்சு வைத்துத் தைத்த அங்கியும் வடநாட்டுக் குளிருக்கு உரியவை. பாதுஷா பருவத்துக்குப் பணிந்தார்; அவரைப் பார்த்து உடுப்பதாகச் சொல்லும் நாம் பணிய மறுக்கிறோம்.

மெல்லிய துணி மானத்துக்கு ஆகுமா என்று தாய்மார்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஔரங்கசீப் தம் மகளின் உடை மெலிந்திருப்பதைக் கடிந்தார் என்றும், ஏழு மடிப்பாக உடுத்தியிருக்கிறேன் என்று மகள் விடையிறுத்தாள் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதில் ஒரு தையல் நுட்பம் உண்டு: மெல்லிய பருத்தியை அடுக்கி அணிந்தால் மறைப்பும் கிடைக்கும், குளிர்ச்சியும் கிடைக்கும்.

ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்னும் மார்க்க விதியை அறியாதார் நம்மில் இல்லை. அந்த விதியை மதித்தே நெசவாளர்கள் 'மஷ்ரூ' என்றொரு துணியைக் கண்டார்கள். அச்சொல்லுக்கே 'அனுமதிக்கப்பட்டது' என்பதுதான் பொருள். மேற்புறம் பட்டு மின்னும். உடம்பைத் தொடும் உட்புறம் பருத்தியாக இருக்கும். குஜராத்தின் பாட்டன் நகர் அதற்குப் பெயர் பெற்றது. அழகையும் விதியையும் ஒரே தறியில் இணைத்த அறிவு அது. இன்று பட்டுப்போல் மினுங்கும் செயற்கை இழையை வாங்கி, விதியிலிருந்து தப்பிவிட்டதாக மகிழ்கிறோம். காற்றுப் புகாத அந்தத் துணிக்குள் வெந்துபோகிறோம்.

அனார்கலிக்கு வருவோம். ஜஹாங்கீரின் தன்வரலாற்றில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. வழிவழி வந்த ஒரு கதைக்கு இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் எழுதிய உர்து நாடகம் உரு கொடுத்தது. 1960-இல் வந்த 'முகலே ஆஸம்' திரைப்படம் உயிர் கொடுத்தது. கண்ணாடி மாளிகையில் மதுபாலா ஆடும் காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார். ஆனால் அந்த உடை யாருக்காக, எந்த ஒளிக்காக அமைந்தது? ஆடல்மகள் ஒருத்தி இரவு விளக்குகளுக்கும் படக்கருவிக்கும் முன் சுழன்றாடுவதற்காக அமைந்தது. அதைக் குடும்பத்துப் பெண் நண்பகலில் அணிந்து, அசையாமல் அமர்ந்திருக்கும்போது, சுழல்வதற்கென வைத்த மடிப்புகள் வெறும் பாரமாகின்றன. இரவு விளக்கில் நட்சத்திரமாகத் தெரியும் கண்ணாடித் துண்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டாகவே தெரிகிறது. அரசவையிலிருந்து வந்ததென்று நாம் எண்ணுவது, உண்மையில் படப்பிடிப்புக் கூடத்திலிருந்து வந்தது.

"வாழ்வில் ஒரே நாள், அன்றாவது ராஜாவாக இருக்கட்டுமே" என்பாரும் உளர். அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. மாப்பிள்ளையை ஒரு நாள் மன்னனாகக் காண்பது நம் மண்ணின் பழைய மகிழ்ச்சி. ஆனால் மன்னர் அவைகளில் 'கில்அத்' என்னும் மரியாதை உடை ஒருவனுடைய தகுதியை மதித்து வழங்கப்பட்டது, கொடுத்தவர் மன்னர். இன்றைய ராஜ உடைக்குப் பணம் கொடுப்பவர் யார்? பல வீடுகளில் பெண்ணின் தகப்பனார். நிக்காஹுக்கு ஒன்று, வலீமாவுக்கு ஒன்று என்று எண்ணிக்கை ஏற ஏற, அவருடைய கடனும் ஏறுகிறது. இரண்டு மணி நேரம் அணிந்த அந்த உடை மறுபடி வெளியே வருவதில்லை. பெருநாள் தொழுகைக்குக் கூட அதை அணிய இயலாது. வாடகைக்கு எடுத்தாலோ, அடுத்த ஊர் மாப்பிள்ளையின் வியர்வையில் நனைந்த அரச பதவி நமக்கு வருகிறது!

நாம் துணி அறியாத கூட்டமும் அல்லர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை மரக்காயர்கள் கப்பலேற்றி மலாய்த் துறைமுகங்களில் விற்றார்கள். அங்கே செல்வரும் சிற்றரசரும் அதை விரும்பி அணிந்தார்கள். மன்னர்களுக்குத் துணி தந்த கரையின் மக்கள், மன்னர் வேடத்துக்குக் கடன் வாங்குவதா?

கோடிக்கணக்கான செல்வத்துக்கு உரியவராய் உலகறிந்த ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், கசங்கிய பழைய ஷேர்வானியிலேயே நாட்களைக் கழித்தார். அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. தூய வெண்மையிலோ சந்தன நிறத்திலோ, உடம்புக்கு அளவாகத் தைத்த பருத்தி ஷேர்வானி ஒன்று போதும்; கழுத்துப் பட்டையில் வேண்டுமானால் மெல்லிய பூவேலை. மணமகளுக்கு அடுக்கி அணியும் மென்பருத்தி. கைவேலை ஓரத்தில் மட்டும். நிக்காஹுக்கு அணிந்ததைப் பெருநாளுக்கும் அணியலாம். தம்பியின் நிக்காஹுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். மகளின் நிக்காஹ் முடிந்த மறுநாள், ஜவுளிக்கடைக் கணக்கை நினைத்துக் கலங்காமல் தகப்பனார் ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வாரானால், அந்த வீட்டில் நடந்ததே அரசத் திருமணம்.