பாதிக் கணக்கில் சுழலும் சக்கரம்

எல்லாப் பள்ளிச் சுவரிலும் ஒரே ஒரு படத்தை மாட்டும் அதிகாரம் கிடைத்தால் அந்தச் சக்கரத்தைத்தான் மாட்டுவேன். விளிம்பைச் சுற்றிக் கீல் வைத்துப் பொருத்திய சுத்தியல்கள். உச்சியைத் தாண்டியதும் ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். அப்படியானால் இறங்கும் பக்கத்தில் எடை அச்சிலிருந்து தள்ளி இருக்கும், ஏறும் பக்கத்தில் அச்சை ஒட்டி இருக்கும். பிறகென்ன, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதானே! வில்லார் த ஒன்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1230ஐ ஒட்டித் தன் ஏட்டில் வரைந்து வைத்தது இது. கிட்டத்தட்ட எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பார்த்த எனக்கும் கை உடனே பென்சிலைத் தேடியது. நிரந்தர இயக்க எந்திரம் என்ற இந்த ஆசை ஆளைப் பிடிக்கும் வேகம் அப்படி!

அவருக்கும் எண்பது ஆண்டு முன்பே, 1150இல், இரண்டாம் பாஸ்கரர் ‘சித்தாந்த சிரோமணி’யில் ஒரு சக்கரத்தைச் சொல்லியிருக்கிறார். ஆரக்கால்கள் உள்ளே பொள்ளலாக, சற்றே வளைந்து இருக்கும். பாதியளவு பாதரசம் ஊற்றி அடைத்துவிட வேண்டும். சக்கரம் திரும்பத் திரும்பப் பாதரசம் ஒருபக்கம் விளிம்புக்கும் மறுபக்கம் அச்சுக்கும் ஓடும். கோள்களின் கணக்கைப் போட்டவரின் கையிலிருந்து வந்த யோசனை! 1721இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஒர்ஃபிரேயஸ் என்பவரின் சக்கரத்தைச் சோதித்த டச்சுப் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே, வெளியிலிருந்து எதுவும் அதைச் சுழற்றுவதாகத் தெரியவில்லை என்று நியூட்டனுக்கே கடிதம் எழுதினார். உள்ளே பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இது அறிவாளிகளையும் விடாமல் பிடிக்கும் ஆசை.

ஏன் பிடிக்கிறது? கணக்கில் பாதி உண்மையிலேயே சரி என்பதால்தான். நீண்ட கையில் தொங்கும் எடைக்குத் திருப்புத்திறன் கூடுதல். இதில் ஒரு பிழையும் இல்லை. மீதிப் பாதி எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது. அட்டையை வட்டமாக வெட்டி, நட்டுகளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். தள்ளித் தொங்குபவை குறைவாகவும், ஒட்டித் தொங்குபவை அதிகமாகவும் இருக்கும். ஒவ்வொன்றின் எடையையும் அச்சிலிருந்து அதன் கிடைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், சக்கரம் வந்து நிற்கும் நிலையில் இரண்டு பக்கமும் சமம்! அந்தக் கூட்டல் சரியாக வந்து விழுந்தபோது எனக்கு ஏமாற்றமே இல்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

காந்தம் இன்னொரு வாசல். சாய்வுப் பலகையின் உச்சியில் ஒரு காந்தம், கீழே இரும்புக் குண்டு. குண்டு இழுபட்டு ஏறும், உச்சிக்குச் சற்று முன்னால் உள்ள ஓட்டை வழியாக விழுந்து அடிவாரத்துக்கு வரும், மறுபடி ஏறும். ஜான் வில்கின்ஸ் 1648இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் இதை விவரிக்கிறார். இது ஓடாது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். குண்டை மேலே இழுக்கும் வலு உள்ள காந்தம், ஓட்டையில் அதை விழ விடுமா?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வாசல் சைக்கிள் டைனமோ. டைனமோ கரண்ட் தருகிறது, கரண்ட் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டாரை டைனமோவோடு கோத்துவிட்டால்? பதில் காலிலேயே இருக்கிறது. டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். அதைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றுங்கள். பிறகு பல்பை மாட்டிச் சுழற்றுங்கள். பல்பு எரிகிறபோது கை கூடுதலாக உழைக்கும். வெளிச்சத்துக்கு விலை உண்டு என்று விரல் சொல்கிறது. இயற்பியலில் இதைவிடச் சுவையான இரண்டு நிமிடம் எனக்குத் தெரியாது.

தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவையோ தனி மாயம்! பெல் ஆய்வகத்தின் மைல்ஸ் சல்லிவன் 1946இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தம்ளரில் மூக்கை நனைத்து நிமிரும், ஆடும், மறுபடி குனியும். பேட்டரி இல்லை, சாவி இல்லை. நனைந்த தலையிலிருந்து நீர் ஆவியாகும்போது தலை குளிர்கிறது. உள்ளே ஆவியழுத்தம் குறைந்து, வயிற்றிலிருக்கும் திரவம் கழுத்தில் ஏறுகிறது. தலை கனத்துப் பறவை சாய்கிறது. சாய்ந்ததும் குழாயின் அடிவாய் திறந்து திரவம் திரும்பிவிடுகிறது. புழுக்கமான நாளில் அது சோம்புவதையும், மின்விசிறிக் காற்றில் சுறுசுறுப்பாவதையும் மணிக்கணக்காகப் பார்க்கலாம். அறையின் வெப்பமும் காற்றின் வறட்சியும்தான் அதன் தீனி. நியூசிலாந்தின் டனீடினில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கும், 1864இல் செய்த பெவர்லி கடிகாரமும் இந்த இனம்தான். பெரும்பாலும் பகல் இரவு வெப்பநிலை மாறுவதை வைத்துக் கையால் சாவி கொடுக்காமல் ஓடுகிறது.

நான் மிகவும் கொண்டாடுவது சைமன் ஸ்டெவினை. 1586இல் அவர் ஒரு முக்கோணக் கட்டையின் மேல் பதினான்கு குண்டுகள் கோத்த மாலையை வளையமாகப் போட்டார், காகிதத்தில்தான். நீண்ட சரிவில் நான்கு குண்டு, அதில் பாதி நீளமுள்ள குத்துச் சரிவில் இரண்டு, மீதி எட்டும் கீழே சீராகத் தொங்குகின்றன. நான்கு இரண்டை இழுத்துவிடுமானால் மாலை ஓயாமல் சுற்ற வேண்டும். அது நடக்காது, ஆகவே நான்கும் இரண்டும் சமன்! சாய்தளத்தின் விதி கையில் கிடைத்துவிட்டது. தராசில்லை, அளவையில்லை, ‘நடக்காது’ என்ற ஒற்றைச் சொல்லே கருவி. 1824இல் சாதி கார்னோ நீராவி எந்திரத்தின் உச்ச வரம்பைக் கண்டதும் இதே ‘நடக்காது’வைப் பிடித்துக்கொண்டுதான்.

அதனால் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நிற்காத சக்கரத்தை வரைந்துகொண்டு வந்தால், ஆற்றல் அழிவின்மை விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அட்டையும் நட்டும் நூலும் எடுத்துக் கொடுங்கள். எது வரை கணக்கு சரி, எங்கே அது நழுவுகிறது என்று பிள்ளையே தேடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இடம் பிடிபடும் நொடியைத் தவறவிட்டுவிடாதீர்கள்!