ஓர் எண்ணின் குலமும் லக்ஷணமும்

எண்களை அவற்றின் குணங்கொண்டு இனம் பிரிக்கும் மரபு கணித சாஸ்திரத்தில் மிகப் பழையது. அம்மரபில் கிளைத்த சம்பிரதாயங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் 293318625600 என்னும் எண்ணை, அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்பதை, நிறுத்திப் பார்ப்பது பயனுடையது.

மூத்த சம்பிரதாயம் கிரேக்கருடையது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ், ஓர் எண்ணின் வகுத்திகளை, அவ்வெண்ணை மட்டும் நீக்கிக் கூட்டி, கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமானால் நிறைவெண் என்றும், குறைந்தால் குறையெண் என்றும், மிஞ்சினால் மிகையெண் என்றும் வகுத்தார். நம் எண்ணுக்கு அத்தொகை நான்கரை மடங்குக்கும் மேலே போகிறது. மிகையெண்களை அளவுக்கு மீறிய அவயவங்கள் படைத்த பிராணிகளுக்கு ஒப்பிட்ட அவர், இதனைக் கண்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருக்கமாட்டார்.

அந்த மிகுதியையே மேன்மையாகக் கண்டது வேறொரு மரபு. பிளேட்டோ தம் லக்ஷிய நகரத்துக்கு 5040 குடும்பங்களை விதித்தார். அது தன்னையும் சேர்த்து 60 எண்களால் மீதியின்றி வகுபடுவதால், நிலத்தைப் பங்கிடவும் வரி விதிக்கவும் வசதியென்பது அவர் கருத்து. இந்த எண்ணத்தைச் சாஸ்திரமாக உயர்த்தியவர் நம் ஸ்ரீநிவாச ராமானுஜன். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியான நீண்ட கட்டுரையில், தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளை உடைய எண்ணுக்கு அவர் தனி ஸ்தானம் தந்தார். அத்தகைய மிகுபகு எண்ணில் 2, 3, 5 முதலிய பகா எண்கள் இடைவிடாமல் வரிசையாக வரவேண்டும் என்றும், அவற்றின் அடுக்குகள் எங்கும் ஏறாமல் வரவேண்டும் என்றும், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரண்டிலொழிய எங்கும் ஒன்றே என்றும் நிறுவினார். நம் எண்ணில் 2 முதல் 19 வரையுள்ள எட்டுப் பகா எண்களின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கிறது. அது 5040! பிளேட்டோவின் எண்ணே இங்கே வகுத்திகளின் கணக்காக வந்து நிற்பது எனக்குப் பேரானந்தம் தருகிறது. அந்த 5040உம் ஒரு மிகுபகு எண்ணே. இவ்வளவு தகுதியிருந்தும், மிகுபகு எண்களுக்கு ராமானுஜன் வெளியிட்ட அட்டவணையில் நம் எண் ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று. அதனை 23ஆல் பெருக்கினால் வரும் 6746328388800தான் அட்டவணையின் இறுதி எண் என்பது வியப்பை மிகுவிக்கிறது.

மிகுபகு எண்களுக்குள்ளேயே ராமானுஜன் வகுத்த மேலான வகுப்பொன்றும் உண்டு. அதில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பகா எண்ணொன்றால் பெருக்கியே ஏறவேண்டும். 13967553600இலிருந்து 23ஆல் பெருக்கி நேரே 321253732800க்குத் தாவும் அவ்வேணியில், இடையே கிடக்கும் நம் எண்ணுக்கு இடமில்லை. 1944இல் அலோக்லுவும் எர்டோஷும் ஏற்படுத்திய சம்பிரதாயமோ வகுத்திகளை எண்ணாமல், எண்ணையும் சேர்த்த அவற்றின் கூட்டுத்தொகை எண்ணுக்கு எத்தனை மடங்கு என்று பார்த்து, அம்மடங்கு கீழுள்ள எந்த எண்ணுக்கும் உள்ளதைவிட மிகுந்திருக்கவேண்டும் என்பது. அந்த விகிதம் நம் எண்ணுக்கு ஏறக்குறைய 5.599. அதைவிடச் சிறியதும், 4608 வகுத்திகளே உடையதுமான 160626866400க்கோ 5.648. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கையில் தனக்குக் கீழுள்ள யாவற்றையும் வென்ற எண், வகுத்திகளின் கூட்டுத்தொகையை அளவாகக் கொண்ட அவ்விருவரின் வரிசையில் சேரவில்லை.