பயமுறுத்தத் தெரியாத பூதங்கள்

‘தி ஹிலாரியஸ் ஹவுஸ் ஆஃப் பிரைட்டன்ஸ்டீன்’ 1971இல் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள சி.எச்.சி.எச். தொலைக்காட்சி நிலையத்தில் உருவான சிறுவர் தொடர். இதை உருவாக்கியவர் ரிஃப் மார்கோவிட்ஸ். கேலிச்சித்திரப் படமாக இல்லாமல், நடிகர்களே ஒப்பனையிட்டுப் பூதங்களாகத் தோன்றிய தொடர் இது. ஒரு மணி நேர நிகழ்ச்சிகள் 130, ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் எடுத்து முடிக்கப்பட்டன. வட அமெரிக்காவுக்கு வெளியே இன்று இதை அறிந்தவர்கள் குறைவு.

கதை மிக எளியது. டிராகுலாவின் பதின்மூன்றாவது மகன் பிரைட்டன்ஸ்டீன் பிரபு. புரூசி என்னும் பூதத்துக்கு உயிரூட்டத் தவறியதால் டிரான்சில்வேனியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். புரூசி எழுந்தால்தான் அவர் ஊர் திரும்பலாம். பச்சை நிற உதவியாளன் ஈகோருடன் அவர் முயன்றுகொண்டே இருக்கிறார். புரூசி எழுவதே இல்லை.

இந்தத் தோல்விதான் தொடரின் மையம் என்று சொல்லலாம். கோட்டையில் வாழும் யாருக்கும் தமக்கு விதிக்கப்பட்ட பயங்கரத்தைச் செய்ய வரவில்லை. பாழடைந்த நூலகத்தின் கிழவர், குழந்தைக் கதைகளைக் குலைநடுங்க வைக்கும் கதைகள் என்று நம்பி வாசிக்கிறார். சூனியக்காரி கிரிசெல்டா சமையல் குறிப்பு சொல்கிறாள். ஓநாய் மனிதன் வானொலி அறிவிப்பாளனாக ராக் இசைத்தட்டு சுழலவிட்டு ஆடுகிறான். இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தையிடம் ‘பேய் கிடையாது’ என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பதிலில் குழந்தைக்குப் பெரிதாக நம்பிக்கை வருவதில்லை. இத்தொடர் பேயை இருக்க விடுகிறது. அதற்கும் வேலை கைகூடாது, ஏமாற்றம் உண்டு என்று காட்டுகிறது. பயம் அங்கே பரிவாக மாறுகிறது.

இதே கோட்டையில் ஓர் உண்மையான அறிவியல் ஆசிரியரும் இருந்தார். ‘பேராசிரியர்’ பகுதியில் வந்த ஜூலியஸ் சம்னர் மில்லர் அமெரிக்க இயற்பியலாளர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ‘ஒய் இஸ் இட் சோ?’ நிகழ்ச்சியால் புகழ்பெற்றவர். எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்து, ஏன் இப்படி நடக்கிறது என்று உற்சாகத்தோடு கேட்பார். பூதங்களுக்கு நடுவே இயற்பியல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பொருந்துகிறது. புரியாத ஒன்றை அஞ்சி விலகாமல் அருகே சென்று பார்க்கும் பழக்கத்தையே இரண்டும் கற்பிக்கின்றன.

சிக்கனமும் தொடரின் அழகில் பங்கு பெற்றது. பிரபு, நூலகர், கிரிசெல்டா, ஓநாய் மனிதன் எனப் பெரும்பாலான வேடங்களை பில்லி வான் ஒருவரே ஏற்றார். குரலையும் உடல்மொழியையும் மாற்றி ஒரே மனிதர் ஒரு கோட்டையையே நிரப்பியது பெரிய நடிப்புச் சாதனை. திகில் படங்களின் புகழ்பெற்ற நடிகர் வின்சென்ட் பிரைஸ் தொடக்கத்திலும் முடிவிலும் வேடிக்கைச் செய்யுள் சொல்வார். தமக்குரிய பகுதிகள் அனைத்தையும் நான்கே நாட்களில் நடித்துக் கொடுத்தார். ஆனாலும் குழந்தைகள்தானே பார்க்கிறார்கள் என்ற அலட்சியம் அவர் குரலில் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பில்லி வான் ஏற்ற ‘மகாரிஷி’ வேடம், பொருளற்ற பொன்மொழி உதிர்த்துப் பூமழையில் மூழ்கும் இந்தியச் சாமியார். பீட்டில்ஸ் இசைக்குழு 1968இல் ரிஷிகேஷ் சென்று வந்த காலத்தின் கேலி அது. போலி ஞானத்தைக் கிண்டல் செய்வதில் தவறில்லை. ஆனால் இங்கே சிரிப்பு அந்த ஞானத்தைவிட வேடத்தையும் உச்சரிப்பையும் நம்பியிருக்கிறது. பூதங்களுக்குக் காட்டிய பரிவை அயல்நாட்டு மனிதருக்குக் காட்டத் தொடர் மறந்துவிட்டது. இந்தியர் ஒருவர் இன்று அந்தப் பகுதியைப் பார்த்தால் இது உறுத்தும்.

ஓநாய் மனிதன் ஒலிக்கவிட்ட புகழ்பெற்ற பாடல்களின் உரிமைச் சிக்கல், பின்னாளில் தொடரை முழுமையாக வெளியிடத் தடையானது. இது மறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய நினைவு இல்லாதவர்களும் இதைப் பார்க்கலாம். சிறுவர் நிகழ்ச்சி எழுத விரும்புவோர் நூலகர் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. தன் கதையைக் கேட்டு யாருமே பயப்படாதபோது அந்தக் கிழவர் முகத்தில் தோன்றும் ஏமாற்றத்தில் இத்தொடரின் முழு இயல்பும் இருக்கிறது.