சுயதீங்கும் திறனாய்வாளரின் கடனும்: வட்டக்கச்சியை முன்வைத்து ஒரு நோக்கு

தன்னுடலைத் தானே ஊறுபடுத்தும் செயலை நமது திறனாய்வு மரபு பெரும்பாலும் இரு வகையிலேயே நோக்கி வந்துள்ளது. ஒன்று மேன்மைப்படுத்துவது; மற்றது கோழைமையென இழித்துரைப்பது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரைமீது எறிந்ததைக் கற்பின் ஆற்றலாக விதந்துரைத்தோர், அநீதியின் முன் தனித்து நின்ற பெண்ணின் வலியைப் பேசியது குறைவு. இவ்விரு நோக்குகளும் துன்பத்தின் சமூக மூலத்தை மறைப்பதில் ஒன்றுபடுகின்றன.

வற்றாப்பளையிலே கண்ணகியைத் தெய்வமாகப் போற்றும் வன்னியில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமானது. வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீரை நம்பிய விவசாயக் குடியேற்றம். 2008–2009 இல் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டோரை இழப்பும் கடனும் எதிர்கொண்டன. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, வன்னி மக்களின் துயரைத் தனிமனித நோயாக மட்டுமன்றிக் கூட்டு நெருக்கீடாகவும் விளக்கியது.

இவ்விடத்து, முற்போக்காளராகிய நமது தவறொன்றையும் சுட்டல் வேண்டும். அமைப்பு மாறினால் துயரும் மாறும் எனக் கூறி, உளச்சிகிச்சையைப் பூர்சுவாத் தனிமனிதவாதமென நாம் ஒதுக்கியதுண்டு. மார்க்ஸ் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். 1846 இல் பொஷே என்பாரின் தற்கொலை பற்றிய குறிப்புகளைத் தமது கருத்துகளுடன் வெளியிட்டபோது, குடும்பத்துள் ஒடுக்கப்பட்ட பெண்களின் தனித்தனி வாழ்வுகளையே அவர் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

இலங்கையின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. 1995 அளவில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. கொடிய பீடைநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றமென்ற நிலையும் நீங்கியது. வறுமை ஒழியவில்லை, ஆயினும் உயிர்கள் காக்கப்பட்டன. நெருக்கடிக் கணம் கடந்துவிடக் கூடியது என்பதே இதன் பொருள்.

சுயதீங்கு எப்போதும் இறப்பை நாடுவதன்று. தாங்கொணா உணர்வைத் தாங்குவதற்கான வழியாகவும் அது அமைகின்றது. ஆதலின் பழித்தலன்றிச் செவிமடுத்தலும், மனச்சோர்வு முதலியவற்றுக்கு முறையான சிகிச்சையும், தொடர்ந்த கண்காணிப்பும் இன்றியமையாதன. கடனிலிருந்தும் வீட்டு வன்முறையிலிருந்தும் விடுபடுவதற்கான போராட்டம் இவற்றோடு இணைதல் வேண்டும். இவற்றுக்குப் பதிலாகிவிடக் கூடாது.

வன்னியிலிருந்து இன்று எழும் கதைகளையும் கவிதைகளையும் அணுகுகையில் இத்தெளிவு நமக்குத் தேவை. பாத்திரத்தின் காயத்தைத் தியாகத்தின் குறியீடாக்கிப் புகழ்வதற்கு முன், அதற்கு இட்டுச்சென்ற வாழ்நிலை யாது, உதவி ஏன் எட்டவில்லை என வினவுதலே திறனாய்வின் கடனாகும்.